ஒன்பதாம் பத்தியில் என் அப்பா

இன்றைய பட்டியலில் என் வழக்கு பதினாலாவது. உள்ளே ஆறாவது நடக்கிறது. கதவுக்கு மேலே இருக்கிற சின்னப் பலகையில் சிவப்பு விளக்கெழுத்தில் ஆறு என்று நிற்கிறது, முக்கால் மணி நேரமாக அதே ஆறு. யாரோ ஒரு சுபேதாருடைய முழங்கால் என்று பக்கத்துப் பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். முழங்காலுக்கே முக்கால் மணி நேரம் என்றால் மனசுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள். கொடுக்காமலும் போகலாம், முழங்காலுக்கு எக்ஸ்ரே இருக்கிறது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விரிசல் தெரியும், என்னிடம் தூக்கிப் பிடிக்க என்ன இருக்கிறது. என் மனைவி முனீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருக்கிறாள், ஊரில் சத்துணவு அமைப்பாளராக இருப்பவள், ஃபைலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவள், ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்திருக்கிறாள். நான் தவசிலிங்கம், முன்னாள் நாயக், சிக்னல் பிரிவு, பதினோரு வருஷம் மூன்று மாதம். மனுவின் முதல் வரியே அதுதான். முன்னாள் என்ற சொல்லில் எனக்கு வருத்தம் இல்லை, இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் முன்னாள்தான், பட்டாளத்துக்காரர்களுக்கென்றே இருக்கிற தீர்ப்பாயம் இது. ஆனால் அவர்கள் வயசாகி வெளியே வந்தார்கள், காலொடிந்து வந்தார்கள், சர்க்கரை வந்து வந்தார்கள். நான் ஒரு சொல்லால் வெளியே வந்தவன். மனநோய் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தச் சொல்லோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டியாகிவிட்டது, முதல் முறையீடு தள்ளுபடி, இரண்டாவது முறையீடு தள்ளுபடி, இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒற்றை வரிப் பதில், கையெழுத்து மட்டும் வேறே. மூன்றாவதாக இங்கே வந்திருக்கிறேன். இங்கேயும் தள்ளினால் அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று கேட்பேன். முனீஸ்வரி என் கையைப் பார்க்கிறாள். தொடையின்மேல் விரல் தாளம் போடுகிறது போல, எனக்குத் தெரியவில்லை. நிறுத்திக்கொண்டேன். பிறகு ஏன் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர் ஒரு மணி நேரமாகக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார், அவரை யாரும் பார்க்கவில்லை. நான் ஆட்டினால் அது குறிப்பாகிவிடும். ஆறு வருஷமாக இப்படித்தான், கொட்டாவி விட்டால்கூட யோசித்துத்தான் விட வேண்டியிருக்கிறது. மறுபடியும் தாளம் போட்டேன்.

பிரமிளா மேடம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வெளியே வந்தார்கள், கறுப்புக் கவுன் ஒரு தோளில் சரிந்திருந்தது, முகத்தில் சிரிப்பு, வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தால் எனக்குப் பயம். "தவசிலிங்கம், நல்ல சேதிதான், ஆனா முழுசாக் கேட்டுட்டுப் பேசுங்க" என்றார்கள். "அரசு வக்கீல் பேசினார். உங்க வியாதி சர்வீஸ்ல அதிகமாச்சுன்னு ஒத்துக்கிறாங்களாம். அப்படின்னா பென்ஷன் உண்டு. பதிலுக்கு நாம மெடிக்கல் போர்டு ரிப்போர்ட்டை எதிர்க்கக் கூடாது, அது அப்படியே இருக்கும்." நான் உடனே கேட்டேன், "ஒன்பதாவது பத்தியுமா மேடம்?" மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "ஒன்பதாவது பத்தியும்தான். அதை யாரு படிக்கப்போறா சொல்லுங்க. ஃபைலுக்குள்ள கிடக்கும். இது ஜெயிச்ச மாதிரிதான். உங்களைக் கூப்பிடறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நல்லவர்கள், எனக்காக எவ்வளவோ அலைந்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிகமாச்சு என்கிறார்களே, இல்லாத ஒன்று எப்படி அதிகமாகும். ஏற்கெனவே இருந்தால்தான் அதிகமாகும். அதிகமாச்சு என்பதற்குத் தலையாட்டினால் இருந்தது என்பதற்கும் தலையாட்டியதாகிறது. எங்கிருந்து இருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து, எங்கள் வீட்டிலிருந்து, அப்பாவிடமிருந்து. அதைத்தான் ஒன்பதாம் பத்தி சொல்கிறது. யாரு படிக்கப்போறா என்கிறார்கள். நான் படித்திருக்கிறேன். முதல்தடவை அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன், இப்போது அகராதி வேண்டாம். குடும்ப வரலாறு, தந்தை மனநிலை பாதிக்கப்பட்டவர். நோய் பிறவிக் கூறு. பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. மூன்று வாக்கியம். பலகையில் ஏழு வந்திருக்கிறது.

அந்தப் பத்தியை எழுதின டாக்டரையும் நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மலையிலிருந்து இறக்கிக்கொண்டுவந்து எந்த ஆஸ்பத்திரியில் போட்டார்களோ அங்கே அவர் ஒருவர்தான், முப்பது கட்டிலுக்கும் அவர் ஒருவர், மேசையில் டீ ஆறிப்போய்க் கிடக்கும், ஆடை கட்டியிருக்கும், அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பார். இந்தியில் கேட்டார், நான் இந்தியில் சொன்னேன். தூக்கம் வருகிறதா, வருகிறது. பசிக்கிறதா, பசிக்கிறது. அப்பா எப்படி என்றார். அப்பா எப்படி என்று யாராவது அன்போடு கேட்டு எத்தனை மாசம் ஆகியிருந்தது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்பா நன்றாக இருக்கிறார் சாப், அவர் தனியாகப் பேசுவார் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பையும் எழுதினாரோ என்னவோ. என்னிடம் பதினோரு வருஷத்து இந்தி இருந்தது, வயருக்கு இருந்தது, ரேஷனுக்கு இருந்தது, திட்டுவதற்கு நிறையவே இருந்தது, அப்பாவைப் பற்றிச் சொல்லும் இந்தி என்னிடம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பவர்லூம் ஷெட்டில் நின்றவர், பத்துத் தறி ஒரே நேரத்தில் அடிக்கும், அதற்குள் நின்று நின்று காது போனது, காது போனவனுக்குத் தான் மனசுக்குள் பேசுவது எது வாயால் பேசுவது எது என்று தெரியாது, நினைப்பதெல்லாம் சத்தமாக வெளியே வரும், இன்றைக்கு நூல் சரியில்லை என்பார், இந்தப் பய இன்னும் சாப்பிடலை என்பார், சம்பந்தி வீட்டில் சாம்பார் உப்பு என்று சம்பந்தி வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிவிடுவார். நாங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம், அவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாது, அவரும் சேர்ந்து சிரிப்பார். இவ்வளவையும் நான் சொல்ல நினைத்தேன். இரண்டு வார்த்தை சொன்னேன், தனியாகப் பேசுவார். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார், பேனா கொஞ்ச தூரம்தான் ஓடியது, ஒரு வரி தூரம். என் அப்பா, குருவையா என்கிற மனுஷன், தன் ஆயுசில் ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை, யாரையும் கைநீட்டி அடித்ததில்லை, அவரை இரண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம், கண்ணால் பார்க்காத ஒருத்தர், ஆறின டீயைக் குடித்துக்கொண்டே பைத்தியம் என்று எழுதினார். அதற்கு வாய் திறந்து கொடுத்தவன் நான். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். குளிரு எல்லாருக்கும் ஒத்துக்காதுதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், அவருக்கே தெரியாமல், பய எதையோ மறைக்கான் என்றார்.

ஊருக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை. ஒரு வங்கியில் காவல் வேலைக்குப் போனேன், டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிய மேலாளர் ஒரு பக்கத்தில் நின்றார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், துப்பாக்கி கொடுக்கணும்ல, மன்னிச்சுக்கோங்க என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். இப்போது இன்டர்நெட் கேபிள் இழுக்கிறேன், கம்பத்தில் ஏறுவது பழகின வேலை, வயரைத் தொட்டால் கை தானாக ஓடும். ஒரு வீட்டில் அந்தம்மா முதலாளிக்குப் போன் போட்டு, வேற ஆள் இருந்தா அனுப்புங்கண்ணே, பிள்ளைக இருக்கிற வீடு என்றது என் காதில் விழுந்தது. நான் வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். இணைப்பு வந்துவிட்டதா என்று சோதித்துக் காட்டிவிட்டுத்தான் போனேன். எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு எந்த நோயும் இல்லை, இதைத்தான் இரண்டு முறையீட்டிலும் எழுதினேன். தட்டச்சு நிலையத்தில் சொல்லச் சொல்ல அடித்தார்கள். மணிச்சத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. உத்தரவின்படி லைன் சோதிக்கத்தான் மேலே போனேன், இப்படியும் அதில் எழுதினேன். பிரமிளா மேடம் அலுவலகத்தில் முதல்நாள் அதைப் படித்துவிட்டு, அப்படியா என்று மட்டும் கேட்டார்கள். அப்படித்தான் மேடம் என்றேன். இந்த வழக்கு மனுவில் அந்த வரியை அவர்கள் சேர்க்கவில்லை, ஆனால் பழைய முறையீடுகள் இணைப்பில் இருக்கின்றன, என் கையெழுத்தோடு இருக்கின்றன. உத்தரவு எதுவும் இல்லை. யாரும் என்னை மேலே போகச் சொல்லவில்லை. இது எனக்குத் தெரியும், ஊருக்கு வந்தபின் வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை, முனீஸ்வரிக்கும் சொன்னதில்லை. பலகையில் ஒன்பது. ஏழுக்கு அப்புறம் எட்டு எப்போது வந்தது, எப்போது போனது.

சுதர்சனம் சித்தூர்க்காரன். தமிழும் தெலுங்கும் கலந்து ஒரு பாஷை பேசுவான், அவனுக்கும் எனக்கும் மட்டும் புரிகிற பாஷை. அவன் மேல் பங்கரில், நான் கீழே எக்ஸ்சேஞ்சில், நடுவில் இரண்டரைக் கிலோமீட்டர் கேபிள், அதைப் போட்டதே நாங்கள் இரண்டு பேரும்தான், பனிக்குள் முழங்கால் புதைய இழுத்துப் போட்டது. தினமும் காலை ஒன்பது மணிக்கு லைன் சரியாக இருக்கிறதா என்று அவன் கைப்பிடியைச் சுற்றுவான், இங்கே என் பெட்டியில் மணி அடிக்கும், சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டியதுதான் சட்டம், நாங்கள் பத்து நிமிஷம் பேசுவோம். அன்றைக்குக் கத்தரிக்காய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மூன்று மாசமாக டப்பா சாப்பாடு, கத்தரிக்காய்க்குள் வேர்க்கடலைப் பொடியை அடைத்து எண்ணெயில் எப்படி வதக்குவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு வந்தான், காம்பை மட்டும் வெட்டிவிடக் கூடாது, காம்போடு இருந்தால்தான் உடையாது என்றான். அப்புறம், ஒரு நிமிஷம் இருடா, ஏதோ சத்தம், வெச்சுடாதே என்றான். நான் வைக்கவில்லை. நான் வைக்கவே இல்லை. மலையிலிருந்து பனி சரிந்து இறங்கின சத்தம் எனக்குப் போனில் கேட்கவில்லை, வெளியிலிருந்துதான் கேட்டது, போனில் வெறும் அமைதி, வயர் அறுந்தால் வருகிற அந்த அமைதி எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், இருந்தாலும் அவன் வெச்சுடாதே என்று சொல்லியிருக்கிறான். எட்டு மணி நேரம் காதில் வைத்திருந்ததாக ரிப்போர்ட் சொல்கிறது. நான் மணி பார்க்கவில்லை. இரண்டு பேர் வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். பனியில் புதைந்த பங்கருக்குள் சுதர்சனத்தோடு சேர்த்து நாலு பேர், நாலு பேரின் உடலையும் எடுக்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குப் பதினோரு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, வயரே இல்லாத அந்த இணைப்பில் மணி அடித்தது. எனக்குக் கேட்டது. இப்போது சொல்கிறேன், இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குள்ளேயாவது சொல்கிறேன், எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஏறினேன். பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அறுந்த முனையைக் கண்டுபிடித்தேன். உறையைச் சீவி, கம்பியை முறுக்கி, நாடா சுற்றி, புது வயரோடு இணைத்தேன். தேடி வந்தவர்கள் பார்த்தபோது அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், நாலு மணி நேரமாக. நல்ல ஜாயிண்ட் அது. எங்கள் ஹவில்தார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது நோயென்றால் நோய்தான். ஆறு வருஷமாக இல்லை இல்லை என்று எழுதி எழுதி எனக்கே கை வலிக்கிறது. ஆனால் இது எப்படிப் பிறவிக் கூறு ஆகும், இது எந்தப் பிறவியில் இருந்தது, பவர்லூம் ஷெட்டில் பனி இறங்குமா.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் முனீஸ்வரி. பலகையில் பதினொன்று. "நீ என்ன சொல்றே முனீசு?" என்றேன். அவள் ஃபைலைத் திறந்தாள், தேடாமலே அந்தப் பக்கத்துக்குப் போனாள், அப்போதுதான் தெரிந்தது அவளும் அதை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள் என்று. "பென்ஷன் வந்தா நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லலை" என்றாள். "ஆனா இதைப் பாருங்க. மாமாவுக்கு இருந்துச்சு, அதனால உங்களுக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கான். அப்ப அதுக்கு அடுத்தது யாரு? நம்ம மகதானே. சுபிதா வருஷாவருஷம் என்.சி.சி. டிரெஸ்ஸை மடிச்சு மடிச்சு வைக்கிறா. நாளைக்கு அவ ஒரு இடத்துக்குப் போவா, அங்க ஒருத்தன் உங்கப்பா எதுக்கு வெளிய வந்தாருன்னு கேப்பான். இது உங்களோட நிக்கிற வரி இல்லைங்க." சுபிதாவை நான் யோசித்ததே இல்லை, ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட, மேலே பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், அப்பா அப்பா என்று, இந்த வரி கீழேயும் போகும் என்று தோன்றவே இல்லை. "முனீசு, எனக்கு மணி கேட்டுச்சு" என்றேன். சொல்லிவிட்டேன். வராந்தாவில் யாரோ இருமினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள். "எப்படி?" "ஊருக்கு வந்த புதுசுல தினமும் ஒன்பது மணிக்கு எந்திரிச்சு நின்னீங்க. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் எந்திரிச்சு நிப்பீங்க. ஒரு வருஷம் நின்னீங்க. நானா வந்து கேக்க வேணாம்னு விட்டுட்டேன்." நான் எழுந்து நின்றது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், ஒருவேளை தெருவுக்கே தெரிந்திருக்கும், எனக்கு மட்டும்தான் நான் ஒளித்து வைத்ததாக நினைப்பு. "அதைச் சொன்னா அவங்க ஜெயிச்சிருவாங்க முனீசு. பாத்தியா, ஒத்துக்கிட்டான்னு எழுதிருவாங்க." அவள் ஃபைலை மூடினாள். "மணி கேட்டதைச் சொல்லுங்க, எதுக்குக் கேட்டுச்சுன்னும் சொல்லுங்க. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. ஒண்ணை மறைச்சா இன்னொண்ணையும் நம்ப மாட்டாங்கள்ல."

பிரமிளா மேடம் கதவைத் திறந்து விரலால் கேட்டார்கள், என்ன, சரியா. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர்கள் கண்ணை மூடித் திறந்தார்கள், கோபமா, இல்லை, கணக்கை மாற்றிப் போடுகிற முகம், பிறகு வாங்க என்றார்கள். பதினாலு. அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. மேடையில் இரண்டு பேர், ஒருவர் நீதிபதி, தமிழ்க்காரர் என்று மேடம் சொல்லியிருந்தார்கள், இன்னொருவர் ஓய்வுபெற்ற ஜெனரல், நரைத்த மீசை, உட்கார்ந்திருக்கும்போதும் முதுகு நிமிர்ந்திருக்கிறது, அதைப் பார்த்ததும் என் முதுகும் நிமிர்ந்தது, குதிகால் தானாகச் சேர்ந்தது, இந்த உடம்பை யாரும் டிஸ்சார்ஜ் செய்யவில்லை. இரண்டு வக்கீல்களும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அரசு வக்கீல் பக்கத்தை எடுத்துப் படித்தார், குடும்ப வரலாறு என்பது காதில் விழுந்தது, பழைய முறையீட்டில் மணிச்சத்தம் கேட்கவில்லை என்று இவரே எழுதியிருக்கிறார், மெடிக்கல் போர்டிடம் மணி கேட்டது என்றிருக்கிறார், மனுதாரர் சொல்வதே முன்னுக்குப் பின் முரண் என்றார். அது உண்மை. ஜெனரல் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இந்தியில் கேட்டார், நாயக், மணி அடித்ததா. நாயக் என்றார், முன்னாள் என்று சேர்க்கவில்லை. ஆறு வருஷத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர்தான். "அடிக்கவில்லை சாப். எனக்குக் கேட்டது" என்றேன். "முறையீட்டில் பொய் எழுதினேன். போர்டிடம் உண்மையைச் சொல்லித்தான் வேலை போனது, அதனால் பயந்தேன்." பிரமிளா மேடம் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஜெனரல், முன்னால் எப்போதாவது கேட்டதுண்டா என்றார். "இல்லை சாப். சுதர்சனம் வைக்காதே என்று சொன்ன பிறகுதான்." போனில் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். கத்தரிக்காய் பற்றி என்றேன். அவர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து எதையோ எழுதினார், எழுதின மாதிரி இருந்தார். அடுத்து அப்பாவைப் பற்றிக் கேட்டார். நான் நீதிபதி பக்கம் திரும்பினேன். "ஐயா, இதைத் தமிழ்ல சொல்லணும். அன்னைக்கு இந்தியில சொல்லித்தான் இப்படி ஆச்சு. எங்கிட்ட இதுக்கு இந்தி இல்ல." நீதிபதி, "சொல்லுங்க, நான் அவருக்குச் சொல்லிக்கிறேன்" என்றார். சொன்னேன். பத்துத் தறியைச் சொன்னேன், முப்பத்திரண்டு வருஷத்தைச் சொன்னேன், சம்பந்தி வீட்டுச் சாம்பாரைக்கூடச் சொன்னேன், பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும், சிரிக்கிற விஷயம்தான். "எங்கப்பாவுக்குக் காது கேக்காது ஐயா. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. அவரை எந்த டாக்டரும் பாத்ததில்ல, அவர் பேரு கூட அந்த ரிப்போர்ட்ல இல்ல. எனக்கு நோய் வந்துச்சு, நான் இல்லைங்கலை, இனிமே இல்லைன்னு சொல்லவும் மாட்டேன். ஆனா அது அங்கதான் வந்துச்சு. நான் வீட்லயிருந்து கொண்டுபோகலை. போகும்போது என்னைச் சோதிச்சுத்தானே எடுத்தீங்க, பதினோரு வருஷம் அந்தச் சோதனை சரியா இருந்துச்சுல்ல." குரல் உயர்ந்துவிட்டது, தெரிந்தது, உயர்ந்தால் அதையும் எழுதுவார்களோ என்று பழைய பயம் ஒன்று எட்டிப் பார்த்தது, எழுதட்டும் என்று இன்னும் கொஞ்சம் உயர்த்தித்தான் முடித்தேன். நீதிபதி பக்கத்தில் சாய்ந்து ஜெனரலிடம் வெகுநேரம் மெல்லப் பேசினார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார், தந்தைக்கு மனநிலை பாதிப்பு என்பதற்கு என்ன ஆவணம். அவர் ஃபைலைப் புரட்டினார். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போனார், பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்தார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்தன. ஆவணம் இல்லை என்றார்.

உத்தரவை அங்கேயே சொல்லி எழுத வைத்தார்கள். வெளியே வந்ததும் மேடம்தான் தமிழில் சொன்னார்கள். குடும்ப வரலாறு என்கிற வரியும் பிறவிக் கூறு என்கிற முடிவும் ரத்து. நோய் பணியில்தான் ஏற்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த அளவு என்று முடிவு செய்ய மூன்று மாதத்துக்குள் புதிதாக ஒரு மெடிக்கல் போர்டு. "பென்ஷன் அந்த போர்டு சொல்றதைப் பொறுத்து" என்றார்கள் மேடம், "அவங்க கொடுக்கறேன்னதைவிடக் கம்மியாவும் ஆகலாம், அதை இப்பவே சொல்லிடறேன். மறுபடியும் டாக்டர் முன்னாடி உக்காரணும், மறுபடியும் அதே கேள்விதான் கேப்பாங்க. முடியுமா உங்களால?" "முடியும் மேடம். மொழிபெயர்க்க ஆள் வேணும்னு இப்பவே ஒரு மனு எழுதிக் கொடுத்துருங்க." அவர்கள் சிரித்தார்கள், இந்தத் தடவை அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. மனநோய் என்ற சொல் போகவில்லை. அது என்னோடுதான் படியிறங்குகிறது, இறங்கட்டும், அது என்னுடையது, நான் சம்பாதித்தது, சுதர்சனத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது வந்தது. அப்பாவிடமிருந்து பிரித்து எடுத்துவிட்டேன், சுபிதாவிடமிருந்தும். வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை, முனீஸ்வரி ஃபைலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டாள், காலையிலிருந்து அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த ஃபைலை. "மாமாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றாள். "நடந்ததைச் சொல்லப்போறேன்." "எல்லாத்தையுமா?" எல்லாத்தையும்தான். குளிர் என்று சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். உங்களைப் பற்றி இப்படி எழுதினார்கள், அதற்கு நான்தான் காரணம், அந்த வரியை இன்றைக்கு அடித்தாயிற்று என்று சொல்ல வேண்டும். எனக்கு மனசு கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும், மலையில் கெட்டுப்போனது, உங்களால் இல்லை. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும், மெதுவாகச் சொன்னால் அவருக்கு விழாது. எங்கள் வீட்டுச் சன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. நான் கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். கேட்கட்டும்.